பூங்காவில் பறவை பார்த்தல்: முதல் மூன்று மாதங்களுக்கான வழிகாட்டி

சென்னையில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது வேடந்தாங்கலுக்கு எப்படிப் போவது என்பதைத்தான். போங்கள், ஆனால் அங்கே தொடங்காதீர்கள். அங்கே பறவைகள் ஆயிரக்கணக்கில் தூரத்து மரங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரு பறவையை நிதானமாகப் பார்த்து, அதன் அலகையும் நடையையும் குரலையும் மனதில் ஏற்றிக்கொள்ள அந்த இடம் உதவாது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள மாநகராட்சிப் பூங்காதான் நல்ல பள்ளிக்கூடம். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, தியாகராய நகர் பனகல் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா போன்றவற்றில் தினமும் நூற்றுக்கணக்கானோர் நடப்பதால் பறவைகள் மனிதர்களைக் கண்டு மிரளுவதில்லை. மைனா பத்தடி தூரத்தில் மேயும். தேன்சிட்டு தலைக்கு மேலே கூடு கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பறவை பார்ப்பதில் தேர்ச்சி வருவது புதுப்புது இடங்களுக்குப் போவதால் அல்ல, ஒரே பூங்காவில் ஒரே சுற்றை மறுபடி மறுபடி நடப்பதால். நாற்பது முறை நடந்த பாதையில் புதிதாக ஒரு குரல் கேட்டால் காது தானே நிமிரும். தெரியாத இடத்தில் எல்லாக் குரலும் புதிது, அதனால் எதுவுமே புதிதாகப் படாது.

எப்போது போவது

சென்னையில் சூரிய உதயம் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 5.40-க்கும், ஜனவரி இறுதியில் 6.35 வாக்கிலும் நிகழும். உதயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே பூங்காவுக்குள் இருக்க வேண்டும். பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும் என்று காவலாளியிடம் முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவைகள் விடிந்ததும் இரை தேடக் கிளம்பும். காற்று அடங்கியிருக்கும், சாலையில் இரைச்சல் குறைவு, அதனால் குரல் தூரம் போகும். முதல் ஒன்றரை மணி நேரத்தில் பார்ப்பதில் பாதியைக்கூட அடுத்த மூன்று மணி நேரத்தில் பார்க்க முடியாது. கோடையில் எட்டு மணிக்கே பறவைகள் இலைக்குள் ஒதுங்கிவிடும்.

காற்று பலமாக அடிக்கும் நாளை விட்டுவிடலாம். இலைகள் எல்லாமே அசையும்போது பறவையின் அசைவு கண்ணில் படாது. முதல் நாள் மாலை மழை பெய்து மறுநாள் ஈசல் கிளம்பினால் அந்தக் காலையைத் தவற விடாதீர்கள். கரிச்சான், மைனா, காகம், வால்காக்கை என்று பூங்காவின் பாதிப் பறவைகள் ஈசல் புற்றைச் சுற்றி ஒரே இடத்தில் கூடும். நீங்கள் அசையாமல் நின்றால் போதும்.

பைனாகுலர்

முதல் இரண்டு வாரம் பைனாகுலர் வேண்டாம். காரணம் சிக்கனம் மட்டுமல்ல. கையில் அது இருந்தால் சத்தம் கேட்ட திசையில் உடனே அதைத் தூக்கிவிடுவீர்கள். அதன் வழியாகத் தெரிவது சின்ன வட்டம்தான், அந்த வட்டத்துக்குள் பறவையைத் தேடுவதற்குள் அது பறந்துவிடும். வெறுங்கண்ணால் பறவையைக் கண்டுபிடிக்கப் பழகிய பிறகுதான் பைனாகுலர் பயன்படும்.

வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பூங்காவுக்கு இதுதான் சரி. 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்துக்குச் சற்று அதிகம் வரும். பைனாகுலரிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். விடியற்காலை மங்கலில் கண்ணின் பாவை விரிந்திருக்கும்போது இந்த அகலம் தேவை. கடைக்காரர் "இதில் இன்னும் பெரிசாத் தெரியும்" என்று 20x50-ஐ நீட்டுவார். அதில் ஒளிக்கற்றை இரண்டரை மில்லிமீட்டர்தான், படம் இருண்டு தெரியும். இருபது மடங்கில் கையின் சிறு நடுக்கமும் இருபது மடங்காகும். முக்காலி இல்லாமல் அது உதவாது. மடங்கை மாற்றும் ஜூம் பைனாகுலரும், முன்கண்ணாடி சிவப்பாக மின்னும் மலிவுப் பொருளும் வேண்டாம். எடை முக்கால் கிலோவைத் தாண்டினால் கழுத்து வலிக்கும். சின்னதாக வேண்டுமென்றால் 8x30 அல்லது 8x32 பாருங்கள்.

வாங்கியதும் அதை உங்கள் கண்ணுக்குப் பொருத்த வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, பிறகு தலை வலிக்கிறது என்று மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். முதலில் நடுமூட்டை மடக்கியும் விரித்தும் இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும் அகலத்துக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும், அணியாதவர்கள் வெளியே ஏற்றிவிட வேண்டும். அடுத்து, நாற்பது ஐம்பது அடி தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலக் கண்ணை மூடி, இடக் கண்ணால் மட்டும் பார்த்து, நடுச் சக்கரத்தைச் சுழற்றி எழுத்தைத் தெளிவாக்குங்கள். இப்போது இடக் கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப் பக்கக் கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். இரண்டு கண்ணுக்கும் பார்வை வித்தியாசம் இருப்பதால்தான் இந்த வளையம். அது நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

பறவையைப் பைனாகுலருக்குள் பிடிப்பது தனிப் பயிற்சி. பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காதீர்கள். தலையையும் அசைக்காதீர்கள். பைனாகுலரைக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவில் உயர்த்துங்கள், பறவை வட்டத்துக்குள் இருக்கும். கீழே குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எந்தக் கிளை என்பது மறந்துபோகும். மொட்டைமாடியில் தூரத்துத் தண்ணீர்த் தொட்டி, ஆன்டெனா, தென்னங்குலை என்று குறி வைத்து நாளுக்கு இருபது முறை பழகினால் ஒரு வாரத்தில் கை வந்துவிடும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள். ஒரு நொடி போதும், கண் கெட்டுவிடும்.

சென்னையின் ஈரக்காற்றுக்கு ஒரு எச்சரிக்கை. ஏசி அறையில் இருந்த பைனாகுலரை நேராக வெளியே கொண்டு வந்தால் கண்ணாடியில் ஆவி படியும், தெளிய ஐந்து பத்து நிமிடம் ஆகும். கிளம்ப அரை மணி நேரம் முன்பே ஏசி இல்லாத அறையில் எடுத்து வையுங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பது நல்லது. துடைப்பதற்கு முன் தூசியை ஊதித் தள்ளுங்கள். சட்டை நுனியால் நேராகத் துடைத்தால் மணல் துகள் கண்ணாடியைக் கீறும்.

இது தவிர ஒரு சின்ன நோட்டு, பென்சில், தண்ணீர். வெள்ளைச் சட்டை தவிர எந்த மங்கலான நிறமும் சரி. கொசுக்கடிக்கு முழுக்கை நல்லது.

பெயர் தேடும் முன் பார்க்க வேண்டியவை

புதியவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நிறம் ஏமாற்றும். வானத்தைப் பின்னணியாக வைத்து உட்கார்ந்தால் பச்சைக்கிளிகூடக் கறுப்பாகத் தெரியும். இலை நிழலில் பழுப்பு சாம்பலாகும். பல பறவைகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறம்.

அளவிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த நான்கு பறவைகளை அளவுகோலாக வையுங்கள்: சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., மைனா 25-க்குள், மாடப்புறா 33, காகம் 40-க்குச் சற்று மேல். "மைனாவைவிடச் சிறிது, சிட்டுக்குருவியைவிடப் பெரிது" என்று சொல்ல முடிந்தாலே பாதிக் கேள்வி தீர்ந்தது. அடுத்து அலகு. பருத்துக் குட்டையா, ஊசிபோல் வளைந்ததா, நுனியில் கொக்கி உள்ளதா? அலகு இரையைச் சொல்லிவிடும். பிறகு வால்: நீளமா, பிளந்ததா, தூக்கி வைத்திருக்கிறதா, ஆட்டுகிறதா? மரத்தின் உச்சியிலா, அடிமரத்திலா, புதரிலா, தரையிலா? தரையில் என்றால் நடக்கிறதா, தத்துகிறதா? மைனா காலை மாற்றி மாற்றி நடக்கும், தவிட்டுக்குருவி இரண்டு காலும் சேர்த்துத் தத்தும். இதையெல்லாம் பார்த்த பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

பறவை கண் முன்னே இருக்கும்போது போனைத் திறந்து படம் தேடாதீர்கள். நீங்கள் குனிந்த நேரத்தில் அது போய்விடும், கையில் மிஞ்சுவது "ஏதோ பழுப்புப் பறவை" என்ற நினைவு மட்டும். கடைசி நொடி வரை பாருங்கள். போன பிறகு, புத்தகத்தையோ போனையோ பார்ப்பதற்கு முன்பே, நோட்டில் எழுதுங்கள். படத்தைப் பார்த்தபின் எழுதினால் நீங்கள் பார்க்காத அடையாளங்களும் பார்த்ததுபோல் நினைவில் புகுந்துவிடும். சித்திரம் வரையத் தெரியாவிட்டாலும் முட்டை வடிவில் ஓர் உடல், அதன் மேல் ஒரு தலை, அலகு, வால் என்று கோடிழுத்து, எங்கே எந்த நிறம் என்று அம்புக்குறி போட்டால் போதும்.

சுற்றை எப்படி நடப்பது

வாசலுக்கு உள்ளே வந்ததும் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். நடக்காதீர்கள். எத்தனை விதமான குரல்கள், எந்தெந்தத் திசையில் என்று விரல் மடக்கி எண்ணுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. பெரும்பாலும் ஐந்தாறு வரும்.

பிறகு சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி சுற்றின் திசையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு நோக்கிப் பார்த்தபடி நடந்தால் பறவைகளின் மேல் வெளிச்சம் விழும், நிறம் துலங்கும். நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லோரும் எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள் என்றால் ஓரமாக ஒதுங்கி நடங்கள், பாதையின் நடுவில் திடீரென்று நிற்காதீர்கள். பின்னால் வேகமாக வருபவர் மோதிக்கொள்வார்.

வேகம் மிக முக்கியம். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். இருபது அடி நடந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். பறவை நடக்கும் மனிதரைக் கண்டுகொள்ளாது, ஆனால் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று தன்னையே உற்றுப் பார்த்தால் பறந்துவிடும். ஆகவே பறவை தென்பட்டதும் நின்றுவிடாமல் இரண்டு மூன்று தப்படி கடந்து, மெல்ல நின்று, பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். நேராக அதை நோக்கி நடக்காதீர்கள். கை நீட்டிக் காட்டாதீர்கள். கூட வருபவரிடம் "அரசமரம், இடப்பக்கப் பெரிய கிளை, பாதி உயரம்" என்று வாயால் சொல்லப் பழகுங்கள்.

திறந்த புல்வெளியில் மைனா, காகம், வாலாட்டி, சில நாள் கொண்டலாத்தி. வேலியோரச் செடிகளில் தையல்சிட்டு, தேன்சிட்டு, செண்பகம். காய்ந்த கிளை நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் உச்சியைக் கட்டாயம் பாருங்கள். முதல் வெயில் படும் அந்த மொட்டைக் கிளையில் குக்குறுவான், கிளி, வெண்மார்பு மீன்கொத்தி குளிர்காயும். பழுத்த ஆல், அரசு, அத்தி மரம் இருந்தால் அதன் கீழே இருபது நிமிடம் செலவிடலாம், மற்ற இடத்துக்கு நேரம் குறைந்தாலும் பரவாயில்லை. சிங்கப்பூர் செர்ரி என்றும் தேன்பழம் என்றும் சொல்லப்படும் மரமும் அப்படித்தான். ஜனவரி முதல் மார்ச் வரை இலவமும் கல்யாண முருங்கையும் பூத்திருந்தால் பூங்காவின் பாதிப் பறவைகள் அங்கேதான் இருக்கும்.

நடுநடுவே மேலே பாருங்கள். தரையையும் மரத்தையும் மட்டும் பார்ப்பவர்கள் வானத்தை மறந்துவிடுகிறார்கள். வால் நடுவில் பிளந்திருந்தால் கள்ளப்பருந்து, வால் விளிம்பு உருண்டு தலையும் மார்பும் வெள்ளையாக இருந்தால் செம்பருந்து. அரிவாள் போன்ற சிறகோடு ஓயாமல் பறக்கும் சின்னப் பறவை பனை உழவாரன். அது கம்பியில் உட்காரவே உட்காராது, கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான்.

முதலில் கற்க வேண்டிய பறவைகள்

சின்னான் என்கிற கொண்டைக்குருவி மைனாவைவிடச் சற்றுச் சிறியது. கறுத்த தலை, லேசான கொண்டை, வாலடியில் சிவப்பு. அந்தச் சிவப்பு இலைமறைவில் தெரியாமல் போகலாம். பறந்து போகும்போது முதுகின் அடியில் பளிச்சென்று வெள்ளை தெரிவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தவிட்டுக்குருவி தனியாக வராது, ஆறு முதல் பத்து வரை கூட்டமாகச் சருகைப் புரட்டும். சென்னையில் பார்ப்பது பெரும்பாலும் மஞ்சள் அலகுச் சிலம்பன். தலை வெளுத்து, அலகு மஞ்சளாக இருக்கும். அதன் கிறீச்சொலி எண்ணெய் போடாத கதவு போலிருக்கும்.

செம்மார்புக் குக்குறுவானைப் பார்ப்பதற்கு முன் கேட்டிருப்பீர்கள். வெயில் ஏற ஏற "டொக்... டொக்... டொக்" என்று ஒரே தாளத்தில், கன்னான் பாத்திரம் தட்டுவதுபோல. கூப்பிடும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் ஒலி வேறு வேறு இடத்திலிருந்து வருவதுபோல் தோன்றும். காதை நம்பி மரம் மரமாக ஓடாமல், பழ மரங்களின் உச்சியைத் தேடுங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, குண்டான பச்சைப் பறவை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டை மஞ்சள். குளிர்காலத்தில் குரல் குறைந்துவிடும், பறவை அங்கேயேதான் இருக்கும்.

தையல்சிட்டின் குரலைக் கேட்பவர்கள் பெரிய பறவையைத் தேடுவார்கள். அது கட்டைவிரல் அளவு உடலும் தூக்கிய வாலும் உள்ள சிறு பறவை. குரல் வரும் செடியின் அடிப்பகுதியில், முட்டி உயரத்தில் பாருங்கள்.

தேன்சிட்டில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சென்னைப் பூங்காக்களில் மூன்று வகை உண்டு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டில் ஆணுக்கு வயிறு மஞ்சள், பெண்ணுக்குத் தொண்டை சாம்பல்வெள்ளை, வயிறு மங்கிய மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் ஆண் முழுக்கக் கருநீலம், பெண்ணுக்குத் தொண்டையிலிருந்தே மஞ்சள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் பெண்ணைப்போல் நிறம் மாறி, தொண்டையிலிருந்து மார்பு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். அதைப் புது வகை என்று எழுதிவிடாதீர்கள். கருநீல ஆணுக்கு அலகு மிக நீளமாக வளைந்து, மார்பில் அரக்குப் பட்டையும் இருந்தால் அது நீண்ட அலகுத் தேன்சிட்டு. தேன்சிட்டைவிடச் சிறிதாக, சாம்பல் நிறத்தில், "சிக் சிக்" என்று தேன்பழ மரத்திலேயே சுற்றினால் அது பூக்கொத்தி.

குயிலின் பெண்ணைப் பலர் வேறு பறவை என்றே நினைக்கிறார்கள். ஆண் கறுப்பு, சிவந்த கண், வெளிர்ந்த அலகு. பெண் பழுப்பு, உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. நாம் கேட்டுப் பழகிய "கூ... கூ" ஆணின் குரல். பெண் "கிக்கிக்கிக்" என்று அவசரமாகக் கத்தும். கறுப்பு உடலும் செங்காவி இறக்கையுமாகத் தரையில் நடந்து, அடித்தொண்டையில் "ஊப் ஊப்" என்றால் செண்பகம்.

வெண்மார்பு மீன்கொத்திக்குக் குளம் தேவையில்லை. ஓணானும் வெட்டுக்கிளியும் தின்றே பூங்காவில் வாழும். குளம் இருந்தால் கரையில் குளத்துக் கொக்கான மடையானைத் தேடுங்கள். நிற்கும்போது மண்ணோடு மண்ணாகத் தெரியும், பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை.

காகங்கள் ஒரு மரத்தைச் சுற்றி ஓயாமல் கத்தினால் உடனே அங்கே போங்கள். உள்ளே புள்ளி ஆந்தையோ வல்லூறோ இருக்க வாய்ப்பு அதிகம். வைரி என்றும் சொல்லப்படும் வல்லூறு புறா அளவு, கொக்கி அலகு, மார்பில் குறுக்கு வரிகள். அக்காக்குயில் அதே உடையில் வந்து ஏமாற்றும். அதன் அலகு மெலிந்து நேராக இருக்கும், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். புள்ளி ஆந்தை பழைய மரத்தின் பொந்து வாயில் வெயில் காயும். ஒரு முறை கண்டுபிடித்தால் மாதக்கணக்கில் அதே பொந்தில் பார்க்கலாம்.

குரலும் மெர்லினும்

பூங்காவில் முதலில் கழிக்க வேண்டிய குரல் அணிலுடையது. "கீச் கீச் கீச்" என்று பத்து நிமிடம் விடாமல் ஒரே இடத்திலிருந்து வந்தால், வாலைத் தூக்கித் தூக்கிக் கத்தும் அணிலாக இருக்கும். வாரக்கணக்கில் அணிலைப் பறவை என்று தேடியவர்கள் உண்டு.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், இலவசம், நம் ஊர்ப் பறவைகளும் அதில் உண்டு. அது சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிரிப்புப் பயிற்சி, ஒலிபெருக்கிப் பாட்டு, ஆட்டோ ஹாரன் எல்லாம் கலக்கும்போது அது தவறும். திரையில் பெயர் வந்ததும் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டால் உங்கள் காது எதையும் கற்காது. பெயர் வந்ததும் அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்து, வாய் திறந்து கத்துவதையும் பார்த்தால்தான் அந்தக் குரல் உங்களுடையதாகும். வாரத்துக்கு ஒரு குரல் போதும். பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பது மட்டும் கூடாது. வேறொரு பறவை தன் இடத்தில் நுழைந்துவிட்டது என்று அது கூட்டை விட்டு, இரையை விட்டுச் சண்டைக்கு வரும். பத்துப் பேர் தினமும் செய்தால் அது அந்த இடத்தையே விட்டுப் போய்விடும்.

குளிர்கால விருந்தாளிகள்

செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வரும் பறவைகள் சென்னைப் பூங்காக்களில் தங்கும். வேலிக் கம்பியில் கறுப்பு முகமூடியோடு உட்காரும் பழுப்புக் கீச்சான், ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து பூச்சி பிடிக்கும் பழுப்பு ஈப்பிடிப்பான், மஞ்சள் மின்னும் மாங்குயில், ரிப்பன்போல் வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பான் ஆகியவை முதலில் தெரிய வேண்டியவை. இலைக்குள் நடமாடும் சிறு பச்சைப்பழுப்புக் கதிர்க்குருவிகளை முதல் வருடம் "கதிர்க்குருவி" என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்து போங்கள். அனுபவசாலிகளே குரலைக் கேட்காமல் பெயர் சொல்லத் தயங்கும் கூட்டம் அது.

இவற்றில் ஆறுமணிக்குருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டக்கள்ளன் என்றும் பெயர். வால் கட்டை, பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சீழ்க்கையாகக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இத்தனை நிறமிருந்தும் சருகில் நின்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். சருகு நகரும் சத்தத்தைக் கேட்டு, உட்கார்ந்து, காத்திருப்பதுதான் வழி. வலசை வரும் களைப்பில் சில சமயம் வீட்டு வராந்தாவிலும் விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்தால் மரமுள்ள இடத்தில் விடுங்கள், தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எண்ணி எழுதுதல்

நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், பறவை, எண்ணிக்கை. இதையே, பறவை பார்ப்பவர்களின் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் உங்கள் பூங்காவின் பதிவு நிரந்தரமாகும். 15 நிமிடத்துக்குக் குறையாமல் பாருங்கள். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதுங்கள், காகம், மாடப்புறா உட்பட. "பார்த்த எல்லாவற்றையும் எழுதினீர்களா" என்ற கேள்விக்கு உண்மையாக ஆம் என்று சொல்ல முடியும் பட்டியலே ஆய்வுக்குப் பயன்படும். அரிய பறவையை மட்டும் எழுதினால் காகம் குறைகிறதா கூடுகிறதா என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

ஒரே கிளி மூன்று முறை குறுக்கே பறந்தால் மூன்று என்று எழுதத் தோன்றும். சந்தேகம் வந்தால் ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாதது என்றே விடுங்கள், ஊகித்த பெயர் பதிவைக் கெடுக்கும். ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரியில் உலகளாவிய கணக்கெடுப்பு. மூன்று மாதம் பழகியவர் தயங்காமல் இரண்டிலும் சேரலாம்.

பூங்காவில் நடந்துகொள்வது

பைனாகுலர் பூங்காவில் சங்கடத்தையும் உண்டாக்கும். எதிரே உடற்பயிற்சி செய்யும் பெண்கள் இருந்தாலோ, பின்னணியில் அடுக்குமாடி ஜன்னல்கள் இருந்தாலோ அதைத் தூக்காதீர்கள், பறவை போனால் போகட்டும். யாராவது என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் அவர் கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள், அதன் பிறகு சந்தேகம் இராது. பெரிய கேமராவுக்குச் சில பூங்காக்களில் அனுமதி வேண்டும், முதலிலேயே கேளுங்கள்.

கூடு தென்பட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், கிளையை விலக்காதீர்கள், இடத்தை இணையத்தில் போடாதீர்கள். நீங்கள் நிற்பதைக் காகம் பார்த்துக்கொண்டே இருக்கும், நீங்கள் போனதும் அது கூட்டுக்கு வரும். தரையில் இறகு முளைத்த குஞ்சு தத்திக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் அனாதை இல்லை, பறக்கப் பழகுகிறது, தாய் அருகிலேயே இருக்கும். பூனை நாய் அண்டாமல் புதரோரம் நகர்த்தி வைத்தால் போதும். கிளிக் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோடையில் காகத்தின் கூட்டுக்குக் கீழே நடந்தால் தலையில் கொத்து விழும். தொப்பி போடுங்கள் அல்லது இரண்டு வாரம் அந்தப் பாதையை விடுங்கள்.

கடைசியாக, பூங்காவின் தோட்டத் தொழிலாளர்களோடு பழகுங்கள். எந்தப் பொந்தில் ஆந்தை, எந்த மரத்தில் கிளி முட்டையிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தினமும் சருகைக் கூட்டி அள்ளிவிடுவதால்தான் பல பூங்காக்களில் ஆறுமணிக்குருவி தங்குவதில்லை, அதன் இரையான புழுவும் பூச்சியும் சருகுக்கு அடியில்தான் இருக்கின்றன. யாரும் நடக்காத ஒரு மதில்மூலை, பத்தடிக்குப் பத்தடி, அங்கே மட்டும் சருகைக் கூட்டாமல் விட முடியுமா என்று செப்டம்பரிலேயே கேளுங்கள். மேற்பார்வையாளரிடமும் சொல்லி வையுங்கள். அக்டோபர் பிறந்ததும், விடியும் முன், முதலில் அந்த மூலைக்குப் போய் உட்காருங்கள்.